சாட்சிக்கு ஆள் கேட்டார்கள்

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், அதிபர்களின் மனைவியர் உடுத்திய உடைகளுக்கென்று ஒரு கூடம் உண்டு. ஊரிலிருந்து யாராவது வந்தால் அங்கே அழைத்துப்போவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. பலரும் பளபளப்பான பதவியேற்பு விழா கவுன்களின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு மனதில் தங்கியது மேரி லிங்கனின் ஊதா வெல்வெட் உடை. 1861–62 குளிர்கால விருந்துகளுக்கு அவர் உடுத்தியது. அகன்ற பாவாடை, உடம்போடு ஒட்டிய மேற்சட்டை, ஓரங்களில் வெள்ளை சாட்டின் பைப்பிங், முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அதே பாவாடைக்கு இரவு விருந்தில் போடத் தனியாக இன்னொரு மேற்சட்டையும் தைத்திருக்கிறார்கள். தைத்தவர் எலிசபெத் கெக்லி என்ற கறுப்பினப் பெண் என்று நம்பப்படுவதாகக் குறிப்பு சொல்கிறது. அந்தக் குறிப்பு என்னை விடாமல் உறுத்தியது. அருங்காட்சியகத்தைக் குறை சொல்ல மாட்டேன், உறுதியாகத் தெரிந்ததைத்தான் அவர்கள் உறுதியாக எழுத முடியும். ஆனால் கெக்லியின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த வரி எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அவர் 89 வருஷம் வாழ்ந்தார். இவர் சொல்வதை நம்பலாமா, இவருக்கு யார் பொறுப்பு என்று வழி நெடுக யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். செத்த பிறகும் அது விடவில்லை.

என் பெரியம்மா பாளையங்கோட்டையில் தையல்காரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாதம் முழுக்க அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் துணிமூட்டைகளாகக் கிடக்கும். கோயிலில் ஆராதனை நேரத்தில் முன் பெஞ்சுகளில் இருப்பவர்களின் முதுகைப் பார்த்தே எது தன் கைவேலை, எது அடுத்த தெருக்காரரின் வேலை என்று சொல்லிவிடுவாள். தோள் தையல் விழுகிற இடம், கழுத்துப் பட்டை படிகிற விதம், இதெல்லாம் கையெழுத்து மாதிரி மாறாது என்பாள். வெல்வெட் என்றால் அவளுக்கே கொஞ்சம் யோசனைதான். மயிர் ஒரு பக்கமாகப் படியும் துணி அது. வெட்டும்போது ஒரு துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டால் நிறமே வேறாகத் தெரியும். தைக்கும்போது இரண்டு அடுக்கும் ஒன்றின்மேல் ஒன்று நழுவும், பிரித்துத் தைத்தால் ஊசித்தடம் நிற்கும். அந்த ஊதாத் துணியில் நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் வெள்ளைப் பைப்பிங்கைப் பார்த்தபோது, இதைச் செய்தவர் யாராக இருந்தாலும் துணிக்குப் பயப்படாதவர் என்று தோன்றியது.

கெக்லிக்கும் இப்படித் தன் வேலையை அடையாளம் கண்டுகொண்ட ஒரு நாள் வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த சமயம், 1865இல், சிகாகோவில் நிதி திரட்டுவதற்காக ஒரு கண்காட்சி நடந்தது. தோற்றுப்போன தெற்குப் பக்கத்தின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ், பெண் உடையில் தப்பியோடும்போது பிடிபட்டார் என்று அப்போது பரவலாகப் பேச்சு. அந்த உடை போர்த்திய மெழுகுப் பொம்மை ஒன்றை அங்கே வைத்திருந்தார்கள். கூட்டத்தோடு எட்டிப் பார்த்த கெக்லி, அது போருக்கு முன்னால் டேவிஸின் மனைவிக்குத் தான் தைத்துக் கொடுத்த சீட்டித்துணி அங்கி என்று சொல்லிவிட்டார். அந்த இடமே பரபரப்பாகிவிட்டதாம். அவரே தன் நூலில் எழுதியிருக்கிறார்.

போதகர் வீட்டுப் பிரம்பு

1818இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் கெக்லி. அம்மா ஆக்னஸ், எசமான் குடும்பத்துக்குத் தைத்துக் கொடுத்தவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். அடிமைகளில் அது அபூர்வம். ஊசி பிடிக்க மகளுக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். உண்மையான தகப்பன் அந்த எசமானே. அம்மாவின் கணவர் ஜார்ஜ் ஹாப்ஸ் அந்தச் சிறுமியைத் தன் மகளாகவே நினைத்தார். அவரை அவருடைய எசமான் மேற்கே கொண்டுபோய்விட்டார், குடும்பம் மறுபடி சேரவேயில்லை. அவர் எழுதிய கடிதங்களை ஆக்னஸும் பின்னர் மகளும் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள்.

கெக்லி முதலில் செய்த வேலை தையல் அல்ல, குழந்தை பார்ப்பது. அப்போது அவருக்கு நாலு வயது. தொட்டிலை வேகமாக ஆட்டி, குழந்தை தரையில் விழுந்துவிட்டது. கையால் தூக்கலாமா என்று தெரியாமல் அடுப்புக் கரண்டியால் அள்ளப் பார்த்தார். அதற்குக் கசையடி. பதினெட்டு வயதில் வாங்கிய அடிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எசமானின் மகன் ஒருவர் பிரஸ்பிடீரியன் என்ற புராட்டஸ்டண்ட் சபைப் பிரிவின் போதகர். வட கரோலினாவில் ஹில்ஸ்பரோ என்ற ஊரில் அவர் வீட்டு வேலைக்குக் கெக்லி அனுப்பப்பட்டார். அந்தப் பெண்ணின் நிமிர்ந்த குணத்தை ஒடுக்க வேண்டும் என்று போதகரின் மனைவி நினைத்தார். அடிப்பதற்கு ஏற்பாடு செய்யப்பட்டவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர், அதே போதகரின் சபை உறுப்பினர். அவர் உடையைக் கழற்றச் சொன்னபோது, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டு, தானாகக் கழற்ற மாட்டேன் என்று போராடினார் கெக்லி. கட்டிவைத்து அடித்தார்கள். மறு வாரமும் நடந்தது, அதற்கடுத்த வாரமும் நடந்தது. மூன்றாவது தடவை அந்த ஆசிரியர் அழுதுவிட்டார், இந்தப் பெண்ணை இனி அடிப்பது பாவம் என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு அடிகளைத் தொடர்ந்தவர் போதகரே. ஒரு கட்டத்தில் அவருடைய மனைவியே முழங்காலிட்டுப் போதும் என்று கெஞ்சினார். அதற்குப் பிறகும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான், இனி அடிக்க மாட்டேன் என்று நிறுத்தினார். அதே ஊரில் ஒரு வெள்ளைக்காரர் நாலு வருஷம் அவரைத் தொடர்ந்து வதைத்தார். அதில் பிறந்தவர்தான் ஒரே மகன் ஜார்ஜ்.

இத்தனைக்கும் பிறகு இந்தப் பெண் சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனார், அதுவும் பிரஸ்பிடீரியன் கோயிலுக்கே. கோயிலில் வளர்ந்தவளான எனக்கு இது லேசாகக் கடந்துபோகக் கூடியதாக இல்லை. விசுவாசம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அவர் போன சபை எது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. வாஷிங்டனின் பதினைந்தாம் தெரு பிரஸ்பிடீரியன் சபை 1841இல் கறுப்பின மக்களே ஏற்படுத்திக்கொண்டது. தொடங்கியவர் ஜான் குக், அவரும் அடிமையாகப் பிறந்து விடுதலை அடைந்தவர். அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த பலருடைய குடும்பங்களுக்கும் கசையடியும் ஏலமும் தெரிந்த சங்கதிகள்தான். தன்னை அடித்த வீட்டுப் போதகருக்குக் கடவுளை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை என்றே எனக்குப் படுகிறது.

ஆறாவது கையெழுத்து

எசமானரின் மகளைக் கட்டிய கார்லண்ட் என்ற வக்கீல் குடும்பத்தோடு செயின்ட் லூயிஸ் நகருக்குக் கெக்லி போனார். அங்கே அந்தக் குடும்பத்துக்கு வருமானம் நொடித்துவிட்டது. வயதான ஆக்னஸை வெளியில் வேலைக்கு அனுப்பலாமா என்று பேச்சு வந்தது. அம்மாவை அனுப்ப வேண்டாம், நான் தைக்கிறேன் என்று கெக்லி முன்வந்தார். ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். தன் ஊசியால் பதினேழு பேருக்கு இரண்டு வருஷம் ஐந்து மாதம் சோறு போட்டதாக அவர் கணக்கெழுதி வைத்திருக்கிறார். அந்தப் பதினேழு பேரில் எசமானரும் அடக்கம். உபயோகமில்லாதவள், எதற்கும் லாயக்கில்லாதவள் என்று சின்ன வயதில் கேட்ட வசவுகளையும் அவர் அதே இடத்தில் நினைத்துக்கொள்கிறார்.

தன்னையும் மகனையும் விலை கொடுத்து மீட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். முதலில் மறுத்த கார்லண்ட், ஒரு நாள் கால் டாலர் வெள்ளிக் காசை நீட்டினார். போக வேண்டும் என்றால் இதை வைத்துக்கொண்டு படகேறி ஆற்றைக் கடந்துவிடு என்றார். மிஸிஸிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லினாய், அடிமை முறை இல்லாத மாநிலம். கெக்லி காசை வாங்கவில்லை. ஆற்றைக் கடப்பது எனக்கும் தெரியும், பலமுறை கடந்து திரும்பியும் வந்திருக்கிறேன், சட்டம் அனுமதிக்கும் வழியில்தான் போவேன் என்றார். இதைப் படிக்கும்போது கோபம் வரும். அந்தச் சட்டத்துக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? ஆனால் 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம், வடக்கே போனவர்களையும் பிடித்துவரச் சொன்னது. காகிதம் இல்லாத விடுதலை எந்த நிமிஷமும் பறிபோகக் கூடியது. தையல்காரிக்கு வாடிக்கையாளர் வேண்டும், விலாசம் வேண்டும், பெயர் வேண்டும். ஒளிந்து வாழ்கிறவளுக்கு அது எதுவும் வாய்க்காது. கெக்லி கேட்டது பகிரங்கமான விடுதலை.

கடைசியில் விலை 1,200 டாலர் என்று தீர்ந்தது. இரவும் பகலும் தைத்தாலும் பதினேழு வயிற்றுக்குப் போக மிச்சம் எங்கே இருக்கும்? நியூயார்க்குக்குப் போய் நல்ல மனம் படைத்தவர்களிடம் நிதி கேட்கலாம் என்று முடிவெடுத்தார். இதற்குள் கார்லண்ட் இறந்துவிட்டார். அவருடைய மனைவி சம்மதித்தாலும் ஒரு நிபந்தனை போட்டார். இவள் திரும்பி வருவாள் என்று ஆறு பெரிய மனிதர்கள் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் பணத்துக்கு அவர்கள் பொறுப்பு. ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. ஆறாமவர் கெக்லி மதிப்பு வைத்திருந்த மனிதர். போடுகிறேன் என்றார். கூடவே, நீ திரும்பி வர மாட்டாய் என்றும் சொன்னார். இப்போது வரத்தான் நினைக்கிறாய், அங்கே போனதும் அடிமை ஒழிப்புக்காரர்கள் உன் மனதை மாற்றிவிடுவார்கள், அதனால் இப்போதே கடைசியாக விடைபெற்றுக்கொள்வோம் என்றார்.

கெக்லி அந்தக் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நியூயார்க்குக்குப் போகவும் இல்லை. தான் மதிக்கிறவர்கள் தன்னைச் சந்தேகத்தோடு பார்ப்பதைவிட அடிமையாகவே இருந்துவிடுவது மேல் என்று நினைத்ததாக எழுதுகிறார்.

இந்த இடத்திலேயே நான் பல நாள் நின்றிருக்கிறேன். அந்த ஆள் கெட்டவர் இல்லை. பணத்தை இழக்கத் தயாராகத்தான் கையை நீட்டினார். ஆனால் அவருடைய தயாளத்துக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருந்தது. உன் வார்த்தை உன்னுடையதல்ல, யாராவது இழுத்தால் நீ போய்விடுவாய் என்ற தீர்ப்பு. பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு, வாசலில் தொப்பியோடு நிற்கும் நேரத்தில், மீட்க வேண்டிய மகன் வீட்டில் இருக்கும்போது, அந்தக் காகிதத்தை மறுப்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! நானாக இருந்தால் வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். கெக்லிக்கு அது முடியவில்லை, ஏனென்றால் அவருடைய தொழில் முழுக்க ஒப்புக்கொண்ட வார்த்தையில் நின்றது. இன்ன தேதிக்குத் தருகிறேன் என்றால் தர வேண்டும். கொடுத்த பட்டில் ஒரு முழம் குறையக் கூடாது. ஆயிரம் பேருக்கு இப்படி நடந்து காட்டியும், ஒரு நாள் போய்வருகிறேன் என்றால் நம்ப ஆளில்லை.

வழி திறந்தது அவர் உடை தைத்துக் கொடுத்த வீடுகளில்தான். லெ புர்ஷ்வா என்ற வாடிக்கையாளர் வீட்டுக்கே வந்தார். நீ வடக்கே போய் யாரிடமோ கையேந்துவது எங்களுக்கு வெட்கம், நாங்கள் தருகிறோம் என்று தோழிகளிடம் திரட்டிக் கொடுத்தார். இனாமாக வேண்டாம், கடனாக மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்றார் கெக்லி. 1855 நவம்பரில் விடுதலைப் பத்திரம் பதிவானது. 1860 வரை அங்கேயே இருந்து தைத்து, கடனை அடைத்துவிட்டுத்தான் ஊரைவிட்டுக் கிளம்பினார். அளவெடுக்கும்போது ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் காட்டும் நம்பிக்கை சாதாரணமானதல்ல. இடுப்பு பெருத்ததும், நெஞ்சு தளர்ந்ததும், கர்ப்பம் தரித்ததும் வீட்டுக்காரருக்கு முன்னால் தையல்காரிக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெண்கள் ஆறாமவரைவிடக் கெக்லியை நெருங்கி அறிந்திருந்தார்கள்.

வெள்ளை மாளிகையில்

பால்டிமோரில் கறுப்பினப் பெண்களுக்குத் தன் வெட்டும் முறையைக் கற்றுத்தரப் பார்த்தார், அது நடக்கவில்லை. வாஷிங்டனுக்கு வந்தார். அப்போது அங்கே கறுப்பினத்தவர் பத்து நாளுக்குமேல் தங்க உரிமம் வேண்டும். உரிமத்துக்குக் காசு வேண்டும், அதோடு இவர் சுதந்திரமானவர்தான் என்று யாராவது சாட்சி சொல்லவும் வேண்டும். மறுபடியும் சாட்சி! இந்தமுறையும் ஒரு வாடிக்கையாளர்தான் மேயரிடம் கூட வந்து காரியத்தை முடித்துக் கொடுத்தார். அதன் பிறகு அவர் ஏறாத பெரிய வீடு இல்லை. ஒரே வருஷத்துக்குள், பின்னர் போரில் எதிரெதிராக நின்ற குடும்பங்கள் பலவற்றுக்கு அவர் தைத்தார். டேவிஸின் மனைவிக்கும், பின்னர் தெற்குப் படையின் தளபதியான ராபர்ட் லீயின் மனைவிக்கும், லிங்கனின் மனைவிக்கும்.

1861 மார்ச்சில், லிங்கன் பதவியேற்ற மறுநாள் காலை அவர் வெள்ளை மாளிகைக்குப் போனபோது வேறு மூன்று தையல்காரிகளும் காத்திருந்தார்கள். நாங்கள் மேற்கிலிருந்து வந்த ஏழைகள், கூலி குறைவாகக் கேட்டால் வேலை உண்டு என்று மேரி லிங்கன் பேரம் பேசினாராம். முதல் உடை ரோஜா நிறப் பட்டு. விருந்து நாளன்று கெக்லி கொண்டுபோகச் சற்றுத் தாமதமாகிவிட்டது. கோபத்தில் மேரி கீழே வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கெக்லி அமைதியாகச் சமாதானம் சொல்லி, உடுத்திவிட்டு, கூந்தலில் பூ வைத்துவிட்டார். உள்ளே வந்த லிங்கன் மனைவியைப் பார்த்துவிட்டு, தைத்தவரையும் சேர்த்துப் பாராட்டினார். அந்தப் பருவத்தில் மட்டும் பதினைந்து பதினாறு உடைகள் தைத்தார் கெக்லி.

அந்த ஆகஸ்டிலேயே அவருடைய மகன் ஜார்ஜ் போரில் இறந்தார். கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்காத காலம். வெளுத்த நிறத்தால் வெள்ளையர் என்றே பதிவு செய்துகொண்டு போனவர், மிசூரியில் வில்சன்ஸ் கிரீக் சண்டையில் விழுந்தார். ஆறு மாதம் கழித்து, 1862 பிப்ரவரியில், லிங்கன் தம்பதியரின் பையன் வில்லி காய்ச்சலில் போனான். அவனைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டவர் கெக்லி. தன் மகனின் சடலத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காத தாய், அடுத்தவள் பிள்ளைக்கு அதைச் செய்தார். இதைப் பற்றி நூலில் அவர் அதிகம் எழுதவில்லை. நானும் இதற்கு மேல் எழுத முடியாது.

அதே கோடையில் தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளால் வாஷிங்டன் நிறைந்தது. துணியில்லை, கூரையில்லை. ஒரு மாலை நடந்து போகும்போது பாண்டு வாத்தியம் கேட்டுக் கெக்லி விசாரித்திருக்கிறார். காயம்பட்ட சிப்பாய்களுக்காக வெள்ளைக்காரர்கள் விழா நடத்திப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்களுக்காக நாம் ஏன் இதைச் செய்யக் கூடாது என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து சொன்னார். இரண்டு வாரத்தில் நாற்பது பேரோடு நிவாரண சங்கம் உருவாகிவிட்டது. மேரி லிங்கன் 200 டாலர் கொடுத்தார், அடிமை ஒழிப்புப் பேச்சாளர் ஃபிரடெரிக் டக்ளஸ் 200 டாலர் கொடுத்ததோடு சங்கத்துக்காகப் பேசியும் உதவினார். வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவர் என்றே கெக்லியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆரம்பிக்கிறார்கள். எனக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவருடைய வாழ்க்கையின் உச்சம். நியூயார்க்குக்குப் போக ஆறு பேர் கையெழுத்துத் தேவைப்பட்டவர், சபை நடுவில் எழுந்து நின்று சொன்னார், நாற்பது பேர் அப்படியே நம்பி எழுந்தார்கள்.

ஒரு நூலும் அதன் விலையும்

லிங்கன் கொல்லப்பட்ட பிறகு மேரிக்குக் கடன் தொல்லை. 1867இல் வேறு பெயரில் நியூயார்க்கில் தங்கி, பழைய உடைகளை விற்கப் பார்த்தார். தன் தொழிலை அப்படியே விட்டுவிட்டு உடன் போனவர் கெக்லி. பத்திரிகைகள் மேரியைக் கிழித்துத் தொங்கவிட்டன. அவருக்குப் பரிந்துபேசவும், தன் பங்கை விளக்கவும் 1868இல் கெக்லி தன் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதன் பின்னிணைப்பில் மேரி அவருக்கு எழுதிய அந்தரங்கக் கடிதங்களும் அச்சாகிவிட்டன. மேரி அதன் பிறகு அவரோடு பேசவேயில்லை. மூத்த மகன் ராபர்ட் கொதித்தார். கேலி செய்து ஒரு போலி நூலே வந்தது. பெரிய வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன.

கடிதங்கள் அச்சானது தப்புதான். அளவெடுத்த அறையில் கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது தையல் தொழிலின் தர்மம், என் பெரியம்மா அதில் கறார். கெக்லியே பின்னாளில், கடிதங்களை நம்பிக் கொடுத்ததாகவும் அவற்றை வெளியிட்டது தன் எண்ணமல்ல என்றும் நெருங்கியவர்களிடம் வருந்தியிருக்கிறார். ஆனால் அதே கடிதங்களை எழுதிய மேரி பின்னர் அரசாங்க ஓய்வூதியம் பெற்றார், வரலாறு அவருக்கு எத்தனையோ விளக்கங்களைத் தேடிக் கொடுத்தது. கெக்லிக்குப் போனது பிழைப்பு. இந்தக் கணக்கை என்னால் சரி என்று ஏற்க முடியவில்லை. முப்பத்தேழு வருஷம் அடிமையாக இருந்த ஒரு பெண் தன் கதையைத் தானே சொன்னதுதான் பலருக்கு அந்தக் கடிதங்களைவிடப் பெரிய குற்றமாகத் தெரிந்தது என்றும் நினைக்கிறேன்.

அவர் சும்மா உட்காரவில்லை. இளம் பெண்களுக்குத் தையல் கற்றுக் கொடுத்தார். 1892இல், எழுபது வயது கடந்தபின், தன் மகன் படித்த ஒஹையோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனையியல் துறைக்குப் பொறுப்பேற்றார். மறு வருஷம் சிகாகோ உலகக் கண்காட்சியில் மாணவிகளின் வேலைகளை வைத்தார். உடம்பு தளர்ந்ததும் வாஷிங்டனுக்குத் திரும்பி, போர்க்காலத்தில் ஆதரவற்ற கறுப்பினப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக ஏற்பட்ட இல்லத்தில் தங்கினார். 1907 மே மாதம் அங்கேயே இறந்தார்.

அவரைப் புதைத்த கொலம்பியன் ஹார்மனி கல்லறைத் தோட்டத்தை 1960இல் காலி செய்தார்கள். ஏறக்குறைய 37,000 பேரின் எச்சங்கள் மேரிலாந்தில் லேண்டோவருக்கு மாற்றப்பட்டன. கற்கள் உடன் போகவில்லை. ஏராளமானவை கரை அரிப்பைத் தடுக்க ஆற்றோரம் கொட்டப்பட்டு, வர்ஜீனியாவில் பொட்டோமாக் கரையில் பின்னால் கண்டெடுக்கப்பட்டன. பழைய தோட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது ரோட் ஐலண்டு அவென்யூ மெட்ரோ நிலையம். சிவப்பு ரயிலில் நான் அடிக்கடி கடக்கும் நிலையம் அது. அந்தத் தரையின் கதை தெரிந்த பிறகு அங்கே கதவு திறக்கும்போது கைபேசியைப் பார்க்க மனம் வருவதில்லை. கெக்லி கிடந்த இடத்துக்குப் பெயர் பொறித்த அடையாளம் வைக்க 2010 ஆகிவிட்டது.

ஞாயிறு தோறும் பார்த்தவர்கள்

1935இல் ஒரு பத்திரிகையாளர் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றை அறிவித்தார். கெக்லியின் நூலை எழுதியது ஜேன் ஸ்விஸ்ஹெல்ம் என்ற வெள்ளைக்காரப் பெண் எழுத்தாளராம். எலிசபெத் கெக்லி என்று ஒருத்தி இருந்ததே இல்லையாம். கெக்லி இறந்து இருபத்தெட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதே ஊரில் அதைப் படித்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. ஜான் வாஷிங்டன், கறுப்பினப் பல் மருத்துவர், பள்ளி ஆசிரியரும்கூட. லிங்கன் சுடப்பட்ட அரங்கத்துக்குப் பக்கத்தில், பாட்டியின் வீட்டில், லிங்கனை அறிந்த வேலைக்காரர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். அவர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதோடு நிற்கவில்லை. பதினைந்தாம் தெரு சபையின் பழைய ஆட்களைத் தேடிப் போனார். கெக்லியிடம் தையல் படித்த பெண்கள் கிழவிகளாகி உயிரோடு இருந்தார்கள்.

ஃபிரான்சிஸ் கிரிம்கியும் உயிரோடு இருந்தார். பல பத்தாண்டுகள் அந்தச் சபையின் போதகராக இருந்தவர், அப்போது எண்பத்தைந்து வயது. அவரும் அடிமைத் தாய்க்கும் எசமானுக்கும் பிறந்தவர்தான். கெக்லி என் சபையைச் சேர்ந்தவர், எனக்கு நன்றாகத் தெரியும் என்று அவர் சாட்சி சொன்னார். மேடம் கெக்லி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் வரும் அழகு, நிமிர்ந்த நடை, கச்சிதமான உடை, தணிந்த பேச்சு என்று பழைய அங்கத்தினர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மூன்று பெரிய குடும்பங்களின் அலமாரிகளில் தொங்கிய பட்டும் வெல்வெட்டும் செய்யாத வேலையை அந்தக் கிழவிகளின் ஞாபகம் செய்தது. வாஷிங்டன் எல்லாவற்றையும் தொகுத்து 1942இல் நூலாக்கினார். கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் முன்னுரை எழுதினார். பிறகு அந்த நூலும் கிடைக்காமல் போய், 2018இல் மறுபடி அச்சேறியது.

பத்திரிகையாளர் தன் பேச்சை மாற்றிக்கொண்டார். இருந்ததே இல்லை என்று சொல்லவில்லை, நூலை எழுதவில்லை என்றுதான் சொன்னேன் என்றார். எழுதுவதில் கெக்லிக்கு யாராவது கைகொடுத்திருக்கலாம். ஆனால் உன் கதை உன்னுடையதல்ல, வெள்ளைக்காரி ஒருத்தி சொன்னது என்ற பேச்சில், செயின்ட் லூயிஸின் ஆறாமவர் குரலே எனக்குக் கேட்கிறது. இந்தத் தடவை பதில் சொல்ல அவருடைய பழைய வாடிக்கையாளர்கள் யாரும் வரவில்லை. வந்தவர்கள் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவர்களும், அவரிடம் ஊசி பிடிக்கப் படித்தவர்களும்தான். அவர்கள் சொன்னதை எழுதிக்கொள்ள ஒரு பல் மருத்துவர் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போயிருந்தார்.